பத்து எண்ணும் வரை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் அண்ணன் மகள், துணி மடித்துக்கொண்டே சொன்னது.

"அத்தை, நல்லது பண்றேன்னு நெனச்சு ஒரு பொண்ணோட மானத்த வாங்கிட்டேன்."

ஆரம்பம் இப்படி எழுதினேன்: ‘அந்தப் பெண்ணுக்குப் பேச்சு திக்கும். பாவம், அவள்…’

(அடித்துவிட்டேன். இந்தப் ‘பாவம்’தான் அங்கேயும் கெடுத்தது.)

2

மூன்றாம் பெஞ்சுப் பெண் எந்தக் கணக்கையும் சரியாகப் போடுவாள். வாய் திறந்தால் முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும். மேடம் (என் அண்ணன் மகள்தான், மாணவர்களைப் போல நானும் அப்படியே சொல்கிறேன்) பரிவோடு தானே அதை முடித்துவைப்பாள். வாய்மொழித் தேர்வு நெருங்கியது. அதற்கு வராவிட்டால் பாடமே போச்சு. மேடம் வகுப்பு நடுவே அறிவித்தாள்:

"இவங்க மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும். பேச வேணாம்."

அறுபது தலைகள் திரும்பின. மறுநாள் அவள் இடம் காலி.

(‘அவ அடம்’ என்று கைகழுவியிருக்கலாம். என் அண்ணன் மகள் கழுவவில்லை. பெருமைதான், மறைப்பானேன்?)

3

நூலகத்தில் தேடிப் பிடித்தாள். "ஏம்மா வகுப்புக்கு வரல?"

"எ… எனக்குப் பேசத் தெரியும் மேடம். நே… நேரந்தான் ஆகும். நீங்கதான் முடிச்சு வெச்சிடுறீங்க."

மேடத்தின் பதிலை மூன்று விதமாக அலங்கரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது ஒரே சொல்தானாம்: "சாரிம்மா."

மறுநாள் கரும்பலகையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி. வாய்மொழித் தேர்வில் யாரும் பேசலாம், எழுதலாம், செய்து காட்டலாம், அவரவர் விருப்பம். கேள்வி கேட்டபின் மேடம் மனசுக்குள் பத்து எண்ணுவாள்; அதுவரை யாரும் குறுக்கே பேசக் கூடாது.

"பத்துக்குள்ள நான் தூங்கிடுவேன் மேடம்" என்றான் கடைசி வரிசை வாயாடி.

"தூங்குப்பா. கொறட்டை மட்டும் விடாத, எண்ணிக்கை தப்பிடும்."

எழுதித் தருகிறேன் என்று முதலில் பெயர் கொடுத்ததும் அந்த வாயாடிதான். "நேர்ல கேட்டா எனக்குப் படிச்சதெல்லாம் மறந்துடும் மேடம்." இத்தனை நாள் யாருக்கும் அது தெரியாது.

4

தேர்வு நாள். மூன்றாம் பெஞ்சுக்காரி வந்துவிட்டாள். மேசையில் வெள்ளைத் தாள், பேனா, குடுவை.

"இந்தக் கரைசல் ஏம்மா நிறம் மாறுச்சு?"

அவள் தாளை ஓரமாகத் தள்ளினாள். "அ… அ…"

முதல் பிரதியில் அந்த விடையை நானே சொல்லி முடித்திருந்தேன். அழகான வாக்கியம் வேறு. இரண்டாவதில் அவளைத் தாளில் எழுதவைத்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவள் பேச்சை முடித்துவைக்க நான் யார்?

மேடம் எண்ணத் தொடங்கிவிட்டாள். கண்ணுகளா, நீங்களும் எண்ணுங்கள். விடை தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று… இரண்டு…