அதிகாரியே பூசுகிற கிறீம்

“சித்தி, நீங்கள் நல்லம் எண்டு எழுதினபடியால்தானே பூசினனான்!”

ஷரோன் அழவில்லை. அழுதால் கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது. கன்னம் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. அடுத்த மாதம் கலியாணம்.

ஜெயந்தினிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நுகர்வோர் முறைப்பாடுகளை விசாரிக்கிற அதிகாரி. யார் செய்தது, என்ன கலந்தது என்று எதுவுமே எழுதாத வெள்ளைக் கிறீமை முகநூலில் விற்ற லவீனாவைப் பிடிக்க, வாங்குகிறவள் மாதிரி நடித்தாள். லவீனா லேசுப்பட்டவளா? பாராட்டி எழுதினால்தான் விலாசம் தருவாளாம். ஜெயந்தினி அவசரத்தில் தன்னுடைய சொந்த முகநூல் கணக்கிலிருந்தே அவளுடைய பக்கத்தில், “பூசினனான் அக்கா, முகம் பளிச்செண்டிருக்கு” என்று எழுதினாள். விலாசம் வந்தது. சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைக் கொட்டிலுக்குள் பெட்டி பெட்டியாய்க் கிறீம். அள்ளிக்கொண்டு வந்து வழக்கும் போட்டாள்.

அந்தக் கள்ளி லவீனா நீதிமன்றத்தில் குற்றப்பணத்தைக் கட்டிவிட்டு, வேறு பெயரில் பக்கம் திறந்தாள். உச்சியில் ஜெயந்தினியின் படம், அவள் எழுதியது, மேலே பெரிய எழுத்தில்: ‘பிடிக்க வந்த அதிகாரியே பூசுகிற கிறீம்!’

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி!” என்றாள் ஜெயந்தினி ஷரோனிடம்.

“கேக்க என்ன கிடக்கு? உங்கடை படம், உங்கடை எழுத்து.”

“முறைப்பாடு எழுதித் தா. இந்தமுறை அவளை விடமாட்டன்.”

“வாயை மூடு!” ஷரோனின் தாய் பியாட்றிஸ் பாய்ந்தாள். “மாப்பிள்ளை வீடு அறிஞ்சால்? உன்ரை வழக்குக்கு என்ரை பிள்ளையின்ரை முகமோ கேக்குது?”

ஜெயந்தினி அக்காவின் பக்கம் திரும்பாமலே போனைத் திறந்தாள். லவீனா நேரலையில் நின்று விற்றுக்கொண்டிருந்தாள். என்ன துணிவு! ‘நான் எழுதியது பொய்’ என்று ஜெயந்தினி கீழே எழுதினாள். உடனே அழித்து, அவளைத் தடுத்தும் விட்டாள் லவீனா.

ஷரோன் தன் போனை எடுத்து, நேரலையில் சேரக் கேட்டாள். கலியாணத்துக்கு என்று சொல்லி வாங்கினவள் பேசினால் லவீனாவுக்குக் கொண்டாட்டம்தானே.

“ஆ, எங்கடை கலியாணப் பொம்பிளை! முகத்தைக் காட்டுங்கோ தங்கச்சி!”

ஷரோன் காட்டினாள். பறிக்க ஓடிவந்த பியாட்றிஸை ஜெயந்தினி மறித்துப் பிடித்தாள். லவீனா திறந்த வாய் மூடவில்லை.

“உங்கடை கிறீம்தான் அக்கா. நாளைக்கு முறைப்பாடு குடுக்கப்போறன்” என்ற ஷரோன், போனைச் சட்டென்று திருப்பினாள்.

“இவதான் அந்த அதிகாரி. இப்ப எல்லாருக்கும் சொல்லுங்கோ, சித்தி.”

ஜெயந்தினி போனுக்கு நேரே முகத்தை நிமிர்த்தினாள்.

“நான் எழுதினது பொய்” என்றாள். “நான் ஒருநாளும் பூசேல்லை. பூசினது என்ரை பிள்ளை.”