கரண்டியின் முதுகு

வாயில் வைத்த கரண்டியில் பாலிஷ் நாறியது. தையல்காரி கழுவுதொட்டியில் துப்பினாள், வாய் கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள். போகிற கசப்பா அது! பசை போட்டு ஒட்டினாற்போல் நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. கடைசியில் வாயில் வைக்கிற கரண்டியிலும் கை வைத்துவிட்டாரா மனுஷன்?

இரண்டு வருஷமாக அவள் அருவருப்போடுதான் குடித்தனம் நடத்துகிறாள். புருஷன் இயந்திரத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வார்த்து வரும் பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஓரமாகத் தூக்கிப் போடுவதுதான் முப்பது வருஷ உத்தியோகம். வீட்டோடு வந்த பிறகு கை சும்மா இருக்குமா? பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும் அலுமினிய சைக்கிள் பாகங்களைப் பொறுக்கி வந்து குளியலறையில் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். எவன் எவனோ வியர்த்துப் பிடித்த பிரேக் கைப்பிடி, தலைமுடி சுற்றி இறுகிப்போன சக்கர மையம், ஈ செத்து ஒட்டிய கிரீஸ். எல்லாம் அவள் குளிக்கிற இடத்தில்.

அலுமினியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தேய்க்கிற வரைக்கும் கறுப்பு கக்கும். முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் மெல்லிய உப்புத்தாள், கடைசியில் பாலிஷ். ஒவ்வொரு தடவையும் கறுப்பு. சோப்பில் கறுப்பு, துண்டில் கறுப்பு, கதவுப் பிடியில் கறுப்பு. ஒரு முறை, அவள் தைத்து மடித்து வைத்திருந்த கல்யாண உடுப்பின் வெள்ளைத் துணியில் அவருடைய கட்டைவிரல் ரேகை அச்சடித்தாற்போல் விழுந்து கிடந்தது. அதைப் பார்த்து அவள் அழுதாள்; அவரோ எலுமிச்சம்பழம் போட்டுக் கசக்கு என்றார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். தெருவில் அவருக்குப் ‘பளபளா’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்தப் பதினோரு நாளாக மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. காரணம் அவள் தம்பி. அவன் சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு கொடுக்கிறவன். போன மாதம் அவன் வண்டியில் பெடலைத் தாங்குகிற கைத்தண்டு, கடைக்காரர்கள் கிராங்க் என்பார்களே, அது உடைந்துபோனது. “என்கிட்ட ஒண்ணு இருக்கு மாப்ள, புதுசையே தோக்கடிக்கிற மாதிரி பண்ணித் தர்றேன்” என்று பளபளா தானாக முன்வந்தார். தம்பிக்காகத்தானே என்று அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டு குளித்தாள்.

இன்று காலை அவன் வருகிறான். கரண்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். பளபளா முக்காலியில் குந்தி, கிராங்கை முழங்காலில் கிடத்தி, இன்னொரு கரண்டியின் முதுகால் ஒரே இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பெடலைத் திருகுகிற ஓட்டையின் ஓரம். மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம்போல் மின்னியது.

“என்னங்க இது! வாயில வைக்கிற கரண்டி!”

“கழுவித்தானே வெச்சேன்.”

“அந்த ஒரு எடத்த மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?”

“சும்மா, ஒரு கீறல். அமுக்கித் தேச்சா மேல்தோல் மூடிக்கும்.”

சொல்லிக்கொண்டே கிராங்கைத் துண்டால் மூடினார். அதுதான் அவளுக்கு உறுத்தியது. கீறல் என்றால் உப்புத்தாளிலேயே போயிருக்கும். இரண்டு வருஷம் இந்த நாற்றத்தில் கிடந்தவளுக்கு அதுகூடவா தெரியாது?

கிராங்கைப் படம் பிடிப்பதற்காக ஜன்னலோர மேஜையில் வெளிச்சத்தில் வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். அவள் மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். கல்யாணமான புதிதில் அவர்தான் இந்த வித்தையைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தார். மண்ணெண்ணெய் தடவு, கொஞ்ச நேரம் விடு, ஒட்டத் துடை, சுண்ணப்பொடி தூவு. விரிசல் இருந்தால், குடித்த எண்ணெயைக் கக்கித் தானே கோடு எழுதிக் காட்டிக் கொடுத்துவிடும். மற்ற புருஷன்மார் எதை எதையோ பேசிச் சிரிக்கவைத்த நாட்களில் இவர் விரிசலைப் பற்றிப் பேசினார். அன்று அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியைச் சுரண்டித் தூவினாள். முன்பக்கம் ஒன்றுமில்லை. கரண்டி நன்றாகவே வேலை பார்த்திருந்தது. திருப்பித் தூவினாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவர் தொடாமல் விட்ட பின்பக்கத்தில், ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும், ஈரமாக ஒரு கோடு வந்தது. அவள் அதைத் துடைக்காமல், கோடு மேலே தெரியும்படி மேஜையில் வைத்தாள்.

தம்பி இரவல் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்து இறங்கிய நேரமும் பளபளா தலை துவட்டிக்கொண்டு வந்த நேரமும் ஒன்றாக இருந்தது.

“மாப்ள, பாரு, கண்ணாடி மாதிரி...” என்று தொடங்கியவர் மேஜையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“என்னக்கா இது, மாவு பூசி வெச்சிருக்க?”

“ஒன் மச்சானக் கேளு. என்ன கோடுன்னு அவருக்குத் தெரியும்.”

பளபளா துண்டை முறுக்கினார். “மயிரிழைதான். அவன் என்ன மூட்டையா தூக்குறான்? தாங்கும். ஒம்பதாவது நாள்தான் கண்ணுல பட்டுச்சு. அவ்வளவு பளபளப்பு வந்த பெறகு தூக்கிப் போட மனசு வரல.”

தம்பி சிரிக்கப் பார்த்தான். “பாலத்து மேல ஏறும்போது எந்திரிச்சு நின்னுல்ல மிதிப்பேன் மச்சான். பின்னாடியே லாரி வரும்.”

“ஒடையாதுன்னு சொல்றேன்ல!”

“அப்படியா?” என்றாள் தையல்காரி. “இத நம்ம பொண்ணு வண்டில மாட்டுவீங்களா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார், கிராங்கைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்ததாகப் பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வேலியின் முகத்தை இன்றுதான் நேரில் பார்த்தாள். இந்த மனுஷன் குளித்துவிட்டு வந்து நிற்கிறார், இன்னும் அழுக்காகவே இருக்கிறார் என்று தோன்றியது.

“கடையிலயே ஒண்ணு வாங்கிக்கறேன்க்கா” என்று தம்பி கிளம்பினான். அவனுக்கென்று அவள் போட்டு வைத்திருந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அவன் போனதும் மண்ணெண்ணெய்ப் புட்டியையும் சாக்குப்பொடியையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அங்கே மகளின் சைக்கிள் நின்றது. போன வருஷம் அவர் தேய்த்துப் பூட்டிக் கொடுத்தது. அதில்தான் மகள் தினம் வேலைக்குப் போகிறாள்.

“அதுல ஒண்ணும் இல்லம்மா.” பின்னாலேயே வந்தார். “சத்தியமா. அத நான் நல்லாப் பாத்துதான் மாட்டுனேன்.”

அவள் திரும்பவில்லை. இரண்டு கிராங்கிலும், கைப்பிடியைத் தாங்கும் கழுத்திலும் எண்ணெய் தடவினாள். காத்திருந்தாள். துடைத்தாள். முன்பக்கம் தூவினாள், குனிந்து பின்பக்கம் தூவினாள். பொடி வெள்ளையாக, காய்ந்தே கிடந்தது. எங்கேயும் கோடு வரவில்லை.

“நான்தான் சொன்னேனே” என்றார் அவர். குரல் கெஞ்சியது.

மகள் பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். “என்னம்மா பண்ற என் வண்டிய? நேரமாச்சு, தள்ளு.”

தையல்காரி கோடு வராத பொடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கைப்பிடியை விடவில்லை.

“பஸ்ஸுல போ” என்றாள்.