முகப்புப் படம்

சாவியக்காவுக்குக் காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை. மறுநாள் அவள் கடையின் வெப்சைட் திறப்பு. ரிப்பன் வெட்டுகிற திறப்பெல்லாம் இல்லை. தம்பி கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்குவான், அவ்வளவுதான். அதற்குப் போய் ஏன் இப்படிப் பயப்படுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அலறிய குழந்தையையும், தன் அறையிலேயே பூட்டிக்கொண்டு முழித்த பேங்க் மேனேஜரையும் வெளியே எடுத்துவிட்டவள் அவள். அப்போதெல்லாம் அவள் பதறியதே கிடையாது.

கடை என்னவோ இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுதான். முன்னால் சாவி வெட்டும் மிஷின், பக்கத்தில் அரங்கள், பின்சுவர் முழுக்க ஒரு மரப்பலகை. பலகை நிறையக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாவி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் தனியாக இருப்பவர்கள், மறதிக்காரர்கள், சாவியைத் தொலைப்பதற்கென்றே பிறவி எடுத்தவர்கள், எல்லாரும் ஒரு மாற்றுச் சாவியை அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். வாசலில் நின்று தவிக்கும்போது அக்காவுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

எந்தச் சாவியிலும் பேர் கிடையாது, விலாசம் கிடையாது. பேர் எழுதி மாட்டினால் திருடனுக்கு நாமே வழி சொன்ன மாதிரி என்பது அவள் கட்சி. பதிலுக்கு அவள் பலகையையே ஊராக்கி வைத்திருந்தாள். மேல் வரிசை ரயில் பாதை ஓரத் தெரு, அடுத்தது பள்ளிக்கூடத் தெரு, கீழிருந்து இரண்டாவது ஆஸ்பத்திரிப் பின்தெரு. வீடுகள் நிற்கிற வரிசையிலேயே கொக்கிகள். போனிலும் அப்படித்தான், ஆள் பேரே இருக்காது. ‘நாய் வீடு’, ‘மூணாம் மாடி இருமல்’, ‘பச்சைக் கதவு’ என்றுதான் எல்லாரும் அதற்குள் குடியிருந்தார்கள். இருமல்காரருக்கு இது தெரிந்தால் சண்டைக்கு வருவார்.

தம்பி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அக்கா கடையை உலகத்துக்கே காட்டாமல் விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான். மடிக்கணினியை மிஷின்மேல் வைத்துத் திருப்பிக் காட்டினான்.

“எப்படிக்கா இருக்கு? மொதல்ல வர்ற படமே நீதான்.”

முகப்பில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் பலகை. சிரிப்பு கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தது. கீழே அவள் பேசியதையே தம்பி எழுதியிருந்தான்: ‘எங்களிடம் உங்கள் சாவி பத்திரம். பெயர் இல்லை, விலாசம் இல்லை. தெருவாரியாக, வீட்டு வரிசையாக மாட்டியிருக்கிறோம். எங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.’

படித்ததும் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைப்பானேன்.

“என்னைக் கொஞ்சம் சின்னதாக்குடா. கன்னம் பூரி மாதிரி இருக்கு.”

“சின்னதாக்குறதா? இந்தக் கேமரா என்னா வெலை தெரியுமா? இங்க பாரு.” அவன் விரலால் படத்தை விரித்தான். அவள் தோள் பெரிதாகி விலகியது, பலகை வந்தது, ஒரு வரிசை வந்தது, கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு சாவி நின்றது. “ஒவ்வொரு பல்லும் எண்ணலாம்க்கா.”

அவள் எண்ணினாள். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, கண் தானாக எண்ணியது. மேடு, பள்ளம், மறுபடி பள்ளம், உயரமாய் ஒரு மேடு. இருபது வருஷப் பழக்கம். தொழில் தெரிந்தவர்களுக்குச் சாவி என்பது அந்தப் பல்வரிசைதான், பித்தளையை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.

“இதை எடுத்துரு.”

“எதை?”

“படத்தை எடுடா! எழுதினதையும் எடு. எல்லாத்தையும் எடு.”

“ஏன்க்கா, பூரி கன்னத்துக்கா இவ்ளோ...”

“இது படம் இல்லடா, ஊர்ச் சாவி மொத்தமும் இதுல இருக்கு. எந்தச் சாவி எந்த வீடுன்னு கீழ நானே வெளக்கமும் குடுத்திருக்கேன்.” தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “நல்லவேளை, நாளைக்குத்தானே தொறக்குற?”

தம்பி கண்ணைத் திருப்பிக்கொண்டான். அவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, சின்ன வயதிலிருந்தே மாட்டிக்கொள்கிறவன்.

“தொறப்பு நாளைக்குத்தான். ஆனா முந்தாநாளே டெஸ்டுக்குப் போட்டேன். நம்ம ஆளுங்க மட்டும் பாத்துக் கருத்துச் சொல்லட்டும்னு.”

“நம்ம ஆளுங்கன்னா யாரு?”

“உன் போன்ல இருக்கிற எல்லாரும். உன் போன்ல இருந்தே அனுப்பிட்டேன். எல்லாரும் பாராட்டியிருக்காங்கக்கா, நீதான் இன்னும் பாக்கவே இல்ல.”

அவள் போனை எடுத்தாள். அந்தக் கருமத்தைப் பேசுவதற்கு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தம்பி செய்தி வந்த பக்கத்தைத் திறந்து கொடுத்தான். நாய் வீடு கைதட்டியிருந்தது. மூணாம் மாடி இருமல் வாழ்த்துச் சொல்லி, கூடவே தன் பூட்டு இறுகிக்கிடப்பதையும் சொல்லியிருந்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

பச்சைக் கதவு: ‘நல்லா இருக்கு. போட்டோ ரொம்பத் தெளிவு.’

“இவர் பாரேன், போட்டோவையே பாராட்டியிருக்காரு,” என்றான் தம்பி, ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டுமே என்று.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் பின்தெருவில் இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து அந்த வீட்டுப் பச்சைக் கதவுக்குப் பூட்டு வாங்கிப்போனார்கள். நம்பர் கொடுத்தது புருஷன். போன வருஷம் ஒருநாள் நர்ஸ் மட்டும் வந்தாள், உதடு வீங்கி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. புருஷனை வெளியே அனுப்பியாகிவிட்டது, பூட்டை மாற்ற வேண்டும் என்றாள். சாவியக்கா அன்றே போய் மாற்றினாள். “இந்தச் சாவி உன்கிட்டயும் என்கிட்டயும் தவிர இந்த உலகத்துல வேற யார்கிட்டயும் இருக்காது” என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னாள். நர்ஸின் நம்பரை ‘பச்சைக் கதவு புதுசு’ என்று போட்டுக்கொண்டாள். ‘பச்சைக் கதவு’ என்றிருந்த புருஷனின் பழைய நம்பரை அழிக்கத் தோன்றவே இல்லை.

அந்த ஆள் தொழிற்சாலையில் கடைசல் மிஷின் ஓட்டுகிறவன். இரும்பைத் தலைமயிர் அளவுக்குச் சீவித்தான் அவன் வயிறு வளர்த்தான்.

தம்பி எல்லாவற்றையும் அழித்தான். “போயிருச்சுக்கா. இப்ப யாரும் பாக்க முடியாது.”

“பாத்தவன் கண்ணுல இருந்து அழிப்பியா?”

“ஒரு போட்டோவைப் பாத்து யாருக்கா சாவி செய்வாங்க? சும்மா பயந்து சாவுற.”

அவளும் அதை நம்பத்தான் விரும்பினாள். அதனால்தான் தம்பியிடம் இருந்த படத்தில் நர்ஸ் வீட்டுச் சாவியைத் திரையில் விரிக்கச் சொன்னாள். பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படத்தை மட்டும் பார்த்து ஒரு வெற்றுச் சாவியை வெட்டினாள். வராது, வரக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே அரத்தால் தேய்த்தாள். பிறகு எழுந்து போய்க் கொக்கியில் இருந்த அசல் சாவியோடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் வரவில்லை.

நர்ஸுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் அவர்கள் போனை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்று அவள் சொன்னது நினைவு வந்தது.

“நீ நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ,” என்றாள் தம்பியிடம்.

“என்னன்னுக்கா சொல்றது? போட்டோ நல்லா இருக்குன்னு சொல்லிட்டான்னா?”

“அதையே சொல்லு. சிரிச்சா சிரிக்கட்டும். கூட்டிட்டு வா.”

பெரிய பூட்டாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினாள். காலை ஷிஃப்ட் முடிகிற நேரம். கூட்டம் கூட்டமாக வெளியே வந்த வெள்ளை உடுப்புகளில் நர்ஸின் முகத்தைத் தேடினாள். நர்ஸ் கடைசியாகத்தான் வந்தாள், களைத்துப்போய், அக்காவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு.

“என்னக்கா, யாருக்கு உடம்பு சரியில்ல?”

நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். படம், பலகை, தன் வாயால் உளறியது, பழைய நம்பர், எதையும் குறைக்கவில்லை. நர்ஸ் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நர்ஸின் நடை மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்தது.

“அவரு பாத்துட்டாரா?”

“பாத்துட்டான்மா.”

“அவருக்குக் கண்ணுதான்க்கா அளவுகோலு. காய் நறுக்கினா ஒரு துண்டு பெருசா போச்சுன்னு அடிச்சவரு.”

“எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும்” என்றாள் சாவியக்கா. “இன்னிக்கே மாத்திடறேன். பாப்பா எங்க?”

“ஸ்கூல்ல. சாயங்காலம்தான் வருவா.”

“அப்பாடா.”

மாடிப்படி அரையிருட்டாக இருந்தது. ஒவ்வொரு தளத்திலும் ஒரே மாதிரிக் கதவுகள், கதவுக்குப் பின்னால் டிவிச் சத்தம், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். இரண்டாவது மாடியில் சத்தமே இல்லை. தம்பியும் போலீசும் வரும்வரை கீழேயே நின்றிருக்கலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. நர்ஸ் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு மூச்சு விட்டாள்.

எந்தப் பூட்டிலும் கைவைக்கும் முன் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது சாவியக்காவின் வழக்கம். குனிந்து பார்த்தாள். துவாரத்தின் விளிம்பில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. பித்தளைத் தூள். புதிதாக வெட்டிய சாவி முதல்முறை நுழையும்போது உதிர்வது அது. என் கையில் ஒட்டியிருந்ததுதான் விழுந்திருக்கும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் வெட்டிய கைதானே, ஓட்டமும் நடையுமாக வந்ததில் கழுவக்கூட இல்லையே. கையைத் திருப்பிப் பார்த்தாள். கையிலும் கொஞ்சம் இருந்தது. அதையே பிடித்துக்கொண்டாள்.

“நீங்க படத்தைப் பாத்து வெட்டினீங்களே, அதைப் போடுங்கக்கா,” என்றாள் நர்ஸ். “தெரிஞ்சுக்கணும்.”

“வேணாம்மா. உன் சாவியைக் குடு, தொறந்து வேலையைப் பாப்போம்.”

“போடுங்கக்கா.”

போட்டாள். ஒரு இடறலாவது இடறு என்று மனதுக்குள் கெஞ்சினாள். வாழ்நாளில் தன் கைவேலை தோற்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அப்போதுதான். சாவி வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. திருப்பினாள், பூட்டு திறந்துகொண்டது.

நர்ஸ் கதவைத் தள்ளினாள். அது இரண்டு விரல் அகலம் திறந்து, டக்கென்று நின்றது. இடுக்கில் ஒரு சங்கிலி விறைப்பாக நீண்டிருந்தது. பூட்டை மாற்றிய அன்றைக்கே, இதுவும் இருக்கட்டும் என்று சாவியக்காவே பொருத்திக் கொடுத்த சங்கிலி. உள்ளே இருப்பவர் மட்டும்தான் அதை மாட்ட முடியும்.

இரண்டு பேரும் அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவசரமில்லாத காலடி இரண்டு. பிறகு, தன் வீட்டில் மதியத் தூக்கத்தைக் கெடுத்தவர்களைக் கேட்கிற தோரணையில், ஒரு ஆண்குரல் கேட்டது.

“யாரது?”

நர்ஸ் பழைய பழக்கத்தில், “நான்தாங்க” என்று சொல்ல வாயைத் திறந்தாள். சாவியக்கா பித்தளை படிந்த கையால் அவள் வாயை இறுக்கப் பொத்தினாள். பொத்தியபடியே அவளை இழுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். மேலே சங்கிலியைக் கழற்றும் சத்தம் கேட்டது.