நாலு பத்து சிக்னல்

அந்தத் தெருவில் மூன்று வருடத்துக்கு மேலாக, தினமும் மாலை நாலு பத்துக்கு, யாரும் சுவிட்சைத் தொடாமலே ஏதாவது ஒரு வீட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. இன்று பேக்கரி மாடியில் என்றால் நாளை கணக்கு வாத்தியார் குளியலறையில். முதல் வாரம் எல்லோரும் வயர்மேனைத்தான் திட்டினார்கள். திட்ட உரிமையும் இருந்தது. சுவருக்குள் ஓடும் கரண்ட் கம்பி வழியாகவே சிக்னல் அனுப்பி, படுத்த இடத்திலிருந்து விளக்குப் போடும் கருவிகளை நாற்பத்தொரு வீட்டிலும் மாட்டியவர் அவர். ஒரு வீட்டுச் சிக்னல் அடுத்த வீட்டில் போய் வாலாட்டக் கூடாது என்று வீட்டுக்கொரு எண்ணும் வைத்திருந்தார். பேக்கரி மாடியில் சிக்னல் மீட்டரைச் செருகிவிட்டுக் காத்திருந்தார். நாலு பத்துக்கு விளக்கு எரிந்தது, மீட்டர் பதினேழு என்றது. பதினேழு அவருடைய சொந்த வீட்டு எண். மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கியவர், ரொட்டி வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் உட்கார்ந்து அழுதார்.

அவர் மனைவி மாடியறையில் ஒன்றரை வருடம் படுக்கையாகக் கிடந்தாள். கூப்பிடத் தெம்பில்லாததால் கையில் ஒரு பட்டன் கொடுத்திருந்தார். அவள் அழுத்தினால் கீழே பட்டறையில் சிவப்பு விளக்கு எரியும். இவர் தண்ணீர் டம்ளரோடு பதினாறு படி ஏறுவார், பட்டனைத் திரும்ப அழுத்தி விளக்கை அணைப்பார். வந்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். ஊரெல்லாம் போய், “இதுக்குப் பக்கத்துல சார்ஜர் மட்டும் செருகிடாதீங்க, சிக்னலைக் குடிச்சிடும்” என்று தொண்டை வற்றச் சொன்ன மனுஷர், புது டிரில் வாங்கிய சந்தோஷத்தில் அதன் சார்ஜரைச் சிவப்பு விளக்கை ஒட்டியே செருகினார். ஐந்து மணிக்கு மாடிக்குப் போனபோது அவள் கட்டைவிரல் பட்டன் மேல் அழுந்தியபடி இருந்தது. பட்டன் கடைசியாக அழுத்தப்பட்டதாக அதில் பதிவாகியிருந்த நேரம் நாலு பத்து.

“நீங்க வந்திருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாங்க” என்றார் டாக்டர்.

“பக்கத்துல இருந்திருப்பேனே டாக்டர்.”

அந்தச் சிக்னலைச் சார்ஜர் குடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தார். அது செத்திருக்கவில்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போய், வீடு தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது. வேறெங்கும் நுழைய முடியாதபடி செய்தால் தானே வீடு வந்து சேரும் என்று கணக்குப் போட்டார். மற்ற நாற்பது வீட்டு மெயின் பெட்டியிலும் ஃபில்டர் வைக்க வேண்டும். கடையில் வாங்கிய ஃபில்டரை அது சட்டையே செய்யவில்லை, அவர் கையால் கம்பி சுற்றியதற்கு மட்டும் கட்டுப்பட்டது. ஒன்று சுற்ற ஒரு மாதம் பிடித்தது. “உங்க வீட்டம்மா நேத்து எங்க சமையலறைக்கு வந்திருந்தாங்க” என்று கணக்கு வாத்தியார் முதலில் கேலியாகச் சொன்னார், பிறகு சாதாரணமாகவே சொன்னார்.

கடைசியாக மிஞ்சியது தனியாக இருந்த தையல்காரியின் வீடு. வேறு போக்கிடமில்லாத சிக்னல் ஒரு மாதமாகத் தினமும் அங்கேதான், மிஷினுக்கு மேலே எரிந்தது. அவள் கதவை மறித்து நின்றாள்.

“அண்ணே, அது வந்தா வீட்டுக்கு யாரோ வந்த மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே.”

“என்னைத்தாம்மா கூப்பிடுது.”

அவள் கதவிலிருந்து விலகினாள். பிறகு ஸ்டூலைக் கொண்டுவந்து மெயின் பெட்டிக்குக் கீழே போட்டு, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நாலு பத்துக்குப் பட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. டம்ளரோடு ஏறினார். மூன்று வருடத்தில் முழங்கால் போயிருந்ததால் பாதிப் படியில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. கட்டில் காலியாக இருந்தது. அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் டம்ளரை வைத்தார்.

“வந்துட்டேன். லேட்டாயிடுச்சு.”

பட்டனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அழுத்தினால் விளக்கு அணையும், அவள் கூப்பிட்டதும் முடிந்துபோகும். அன்றைக்கு அவரால் முடியவில்லை, பிறகும் முடியவில்லை. சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. கரண்ட் போனாலும் எரிகிறது. மீட்டர் பார்க்க வருகிறவர் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. நாலு மணியானால் தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே கேட்பாள்.

“தண்ணி பிடிச்சாச்சா அண்ணே?”

“பிடிச்சாச்சும்மா” என்று சொல்லிவிட்டு அவர் படியேறுவார்.