அரை அடி

இருட்டு பிரியும் முன்பே கொப்பரையில் வெள்ளை கொதித்துக்கொண்டிருந்தது. சாலைக்கோட்டு வெள்ளை மாவாக வரும். அதை உருக்கி, கூழாகக் கிண்டி, சூடு ஆறுமுன் தார்மேல் இழுத்துவிட வேண்டும். கிண்டுகிறவரின் முன்கையில் மயிர் கிடையாது. பொட்டுப் பொட்டாகத் தழும்புதான். அவருக்குக் கொப்பரையண்ணன் என்றே பெயராகிவிட்டது. முன்னால், மூக்கில் துணி கட்டிக்கொண்டு பெருக்குகிற அக்கா மண்ணைத் தள்ளிக்கொண்டே போனாள்.

அவன் நூல்காரன். நீலச் சுண்ணத்தூள் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துத் தெறித்தால் தாரில் தடம் விழும். அதன்மேல்தான் வெள்ளை. மறுமுனை பிடிப்பது காண்ட்ராக்டரின் மச்சான். பிடிக்கிற நேரத்தைவிடக் கொட்டாவி விடுகிற நேரம் அதிகம்.

நூலை எங்கே வைப்பது என்று கோல் சொல்லும். ஓரக்கல்லிலிருந்து சைக்கிள் தடம் ஐந்தடி. அதற்கென்று நுனிகளில் இரும்புப் பூண் போட்ட மரக்கோல் ஒன்றைக் காண்ட்ராக்டர் கொடுத்திருந்தார். கோலை வைத்து ஊர்ச்சாலையெல்லாம் அளந்தார்கள். கோலை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலு மாசத்துக்கு முன் ஆஸ்பத்திரி ரோட்டில் தடம் போட்டு முடித்த அன்று, மனைவியிடம் அவன்தான் சொன்னான்: "இனிமே சந்து சுத்திப் போகாத. கோட்டுக்குள்ள போனா ஒண்ணும் ஆகாது."

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். விடிகாலை ஷிப்ட்.

"நீ போட்ட கோடா? அப்போ கண்ண மூடிக்கிட்டே போவேன்" என்று சிரித்தாள்.

பதினோராம் நாள் அவளைப் பஸ் தட்டியது.

பஸ்காரன் கொலைகாரன் என்றார்கள் சைக்கிள்காரர்கள். சைக்கிளுக்கு ரோட்டில் என்ன ஜோலி என்றார்கள் டிரைவர்கள். அந்த டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நூல்காரன் யார் பக்கமும் பேசவில்லை. சமைத்தான், தின்றான், நூல் பிடித்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்த அவளுடைய சாப்பாட்டு டப்பா மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது.

நேற்று மத்தியானம் அந்த டிரைவர் வாசலில் வந்து நின்றார். அவன் உள்ளே கூப்பிடவில்லை.

"மன்னிப்புக் கேக்க வரல தம்பி. கேட்டாலும் குடுக்காதீங்க. என் சக்கரம் கோட்டத் தாண்டல. அவங்களும் தாண்டல. பஸ்ஸோட பக்கக் கண்ணாடி ஒரு சாண் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஒரு சாணுக்கு அங்க இடமில்ல. ஏன் இல்லன்னு நாலு மாசமா மண்டைய உடைச்சுக்கிறேன்."

அவர் போனதும் அவன் ஒரு டேப் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போய், ஓரக்கல்லிலிருந்து கோடுவரை அளந்தான். நாலரை. மறுபடி அளந்தான். நாலரை. அப்படியே டிப்போவுக்கு நடந்து, வேலை இல்லாமலும் வாசலில் வந்து உட்கார்ந்திருந்த டிரைவரிடம் ஒரே வார்த்தை சொன்னான்: "நாலரை."

இன்றைக்குப் பாலத்து ரோடு. ஆறு மணி ஷிப்டுக்கு சைக்கிள்கள் எறும்புச்சாரையாக வரும் பாதை. அவன் கோலைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் டேப்பை ஓடவிட்டான். ஒரு நுனியை அறுத்துவிட்டு அதே பூணை மாட்டியிருந்தது. ஆணி மட்டும் புதுசு.

"அண்ணே, அடுப்ப அணைங்க."

"கல்லாயிரும்டா. திரும்ப உருக ரெண்டு மணி நேரம்."

"ஆகட்டும்."

கொப்பரையண்ணன் வந்து பார்த்தார். அக்கா குனிந்து பார்த்தாள்.

"அடப்பாவி! கோலுக்கே சவரம் பண்ணியிருக்கானே!" என்றாள்.

அடுப்பு அணைந்தது. மச்சான் நூலைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான். அடுத்த கால் மணியில் காண்ட்ராக்டரின் கார் வந்தது.

"யாரக் கேட்டு அணைச்சீங்க?"

"கோல் நாலரைதான் இருக்கு முதலாளி."

"மரம்னா சுருங்கத்தான் செய்யும்."

"பூணு போட்டதுக்கு அப்புறமா?" என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்க்காமலே அவனிடம் திரும்பினார். "எதிர்ப்பக்கக் கடைக்காரங்க கார் நிறுத்த இடம் கேட்டாங்க. எங்கேருந்து எடுக்கறது? பஸ்கிட்ட எடுத்தா டிப்போ கேக்கும். சைக்கிளுக்குக் கேக்க நாதியில்ல. அரை அடிதானேய்யா! அரை அடியில யாரு குடி முழுகிப்போச்சு?"

ஆறுகிற கொப்பரை டிக்கென்று வெடித்தது.

"என் குடிதான் முதலாளி."

அதில் கோபம்கூட இல்லை. கணக்கு வாத்தியாருக்கு விடை சொல்வதுபோல் சொன்னான்.

காண்ட்ராக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதோ நடந்துபோச்சு. பாவம்னுதான் உனக்கு வேலை குடுத்துக்கிட்டு இருக்கேன். இழுக்கறதுன்னா இழு. இல்ல, மூணு பேரும் கிளம்புங்க. உங்கள விட்டா ஆளே இல்லையா?"

"இருப்பாங்க" என்றார் கொப்பரையண்ணன். "அவங்களுக்கும் டேப்பக் காட்டிட்டுத்தான் போவோம்."

மச்சான் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். காண்ட்ராக்டர் போலீசுக்குப் போன் போட்டார்.

கிழக்கு வெளுத்துவிட்டது. முதல் சைக்கிள்கள் வந்து நின்றன. டிப்போ பக்கமிருந்து காக்கிச் சட்டையில் நாலு டிரைவர்கள் நடந்து வந்தார்கள். காக்கி இல்லாமல் வந்த ஐந்தாமவர் அந்த டிரைவர்.

"ஏய், ஆஸ்பத்திரி ரோட்டுல அடிச்ச ஆளு இவன்தானே?" கூட்டத்தில் ஒருவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முன்னால் வந்தான்.

"ஆமா, இவர்தான்" என்றான் நூல்காரன். "செத்தது என் வீட்டுக்காரி. கொஞ்சம் நில்லுங்க, சொல்றேன்."

கோலைத் தூக்கிக் காட்டினான். டேப் கைக்குக் கை போயிற்று. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அளந்து பார்த்துவிட்டு, முன்னால் வந்த சைக்கிள்காரனிடமே டேப்பைக் கொடுத்தார். "நாம ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டே இருந்தோம். இந்தக் காண்ட்ராக்டர் நடுவுல ரோட்ட அறுத்திருக்கான்."

நூல்காரன் ஓரக்கல்லில் மண்டியிட்டான். டேப்பில் ஐந்தடி பார்த்துப் புள்ளி வைத்தான். நூலின் மறுமுனை தூரத்தில் அனாதையாகக் கிடந்தது. யாரையும் கூப்பிடவில்லை. டிரைவர் போனார். அங்கேயும் ஐந்தடி அளந்து, குனிந்து எடுத்தார். நூல் நடுங்கியது.

"ஆடாமப் பிடிங்க."

"பிடிச்சிருக்கேன் தம்பி."

அக்கா நடுவில் நின்று தெறித்தாள். நீலமாய் ஒரு கோடு விழுந்தது. காற்றடித்தால் மத்தியானத்துக்குள் போய்விடும் கோடுதான்.

சைக்கிள்கள் கோட்டுக்கு உட்புறம் நகர்ந்தன. பின்னால் வந்த பஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டது. போலீஸ் வண்டிச் சத்தம் பாலத்தின் அந்தப் பக்கம் கேட்டது. கொப்பரையண்ணன் அடுப்பைப் பற்றவைத்தார். உருக இரண்டு மணி நேரம் ஆகும்.

ஒருவரும் கிளம்பவில்லை.