சுனையைச் சுற்றி ஒரு கோடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வாசல் பக்கம் இருக்கிறவர்களும் உள்ளே தள்ளி வாருங்கள். கமருன்னிசாவின் அத்தா மௌத்தான நாளை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஒரே ஒரு பகல்பொழுதின் கதைதான். அழுகிறவர்கள் அழலாம், பாதியில் எழுந்து மட்டும் போகக் கூடாது.

பாலக்கரைச் சந்து வீட்டின் முற்றத்தில் மையத்தைக் குளிப்பாட்ட இலந்தை இலை போட்ட வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் முகம்மது கனியைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பொழுது விடிவதற்குச் சற்று முன்னால் மூச்சு நின்றது. அறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, அவருடைய ஒரே மகள் கமருன்னிசா தன் சாச்சாவிடம், அதாவது அத்தாவின் தம்பி ஜெகபர் சாதிக்கிடம், மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு அஞ்சு மணியோட தவணை முடியுது சாச்சா. கன்டோன்மெண்ட் ஆபீஸ்ல படத்தக் குடுத்துட்டு வந்துடுங்க."

"குழி வெட்ட ஆள் சொல்லணும். கபன் துணி வாங்கணும். பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குச் சொல்லி அனுப்பணும். நீ என்னடான்னா படம் படம்ங்கிற."

"போற வழிதானே."

"மையத்து வீட்ல மனுக் குடுக்கிறத நான் எங்கயும் பாத்ததில்ல. அண்ணனோட பைத்தியம் அண்ணனோட போயிடும்னு நெனச்சேன். உனக்கு எழுதி வச்சிட்டுல்ல போயிருக்காரு."

அந்தப் பைத்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். முகம்மது கனி முப்பது வருஷம் சர்வே ஆபீசில் படம் வரைந்தவர். எடமலைப்பட்டிக்குத் தெற்கே இருந்த புறாக்கூட்டு மலையைச் சர்க்கார் காப்புக்காடு ஆக்கியபோது, பழைய படத்தைப் பார்த்துக் காட்டின் எல்லையைப் பெயர்த்து எழுதியவர் அவர்தான். பழைய படம் மடித்து மடித்து, மடிப்பில் தேய்ந்து போயிருந்தது. மூன்றாம் எல்லைக்கல்லிலிருந்து நான்காம் கல்லுக்குப் போகிற கோடு அங்கிருந்த சுனையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். தேய்ந்த இடத்தில் வளைவு தெரியவில்லை. அவர் நேராக இழுத்துவிட்டார். ஒரு விரற்கடை தவறு. பதினோரு வருஷம் அது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும்கூட.

அவர் மௌத்தான வருஷம், முப்பத்தேழாம் வருஷம், ரயில் பாதைக்கு ஜல்லி உடைக்க மலையைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் குவாரிக்கு இடம் ஒதுக்கித் திட்டம் வெளியிட்டார்கள்; ஆட்சேபம் இருந்தால் மனுக் கொடுக்கத் தவணையும் வைத்தார்கள். திட்டம் போட்டவர்கள் மேல் குற்றம் இல்லை. காட்டுக்குள் ஒரு கட்டம்கூட வராமல்தான் போட்டிருந்தார்கள். ஆனால் ஒன்பதாம் கட்டம் சுனையின் தலையில் உட்கார்ந்திருந்தது. முகம்மது கனியின் கோட்டின்படி சுனை காட்டுக்கு வெளியே அல்லவா இருந்தது? மலைக்குக் கீழே இரண்டு ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்த மனிதர், நிலம் அளக்கிற சங்கிலியை இரவல் வாங்கிக்கொண்டு நாலு தடவை மலைக்குப் போய் அளந்தார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரேசிங் துணியில் சரியான படம் போட்டார். நாலாம் தடவை ஐப்பசி மழையில் நனைந்து திரும்பியவர் மார்ச்சளியோடு படுத்தார். படம் முடிந்திருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எழுந்திருக்க முடியவில்லை.

கமருன்னிசா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"சாச்சா, தூக்குறதுக்கு முன்னாடி ஹஜ்ரத் கேப்பாரு, இவர்ட்ட யாரோட அமானத்தாவது இருந்தா சொல்லுங்கன்னு. நான் உள்ளேர்ந்து சத்தம் போட்டுச் சொல்லவா? ரெண்டு ஊர்த் தண்ணி இவர்ட்ட இருக்குன்னு?"

ஜெகபர் சாதிக் அவளை முறைத்தார். அடுத்தவர் நம்பி ஒப்படைத்ததை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மண்ணுக்குள் போகக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

"செஞ்சாலும் செய்வ நீ," என்றார். "எடுத்து வை. கபன் துணி வாங்கிட்டு வந்து, அடக்கம் முடிஞ்ச கையோட போறேன்."

அலமாரி மேல் படத்தைச் சுருட்டி வைத்திருந்த தகரக் குழாய்க்கு மூடி இல்லை. கமருன்னிசா உள்ளே கையை விட்டாள். வெறும் தகரம்.

"மாமி, இதுல இருந்த துணி?"

அத்தாவின் தங்கை ஆரிஃபா முற்றத்தில் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அந்தக் கஞ்சித் துணியா? குளிப்பாட்டுறவங்க கையில சுத்திக்க மெல்லிசாத் துணி கேட்டாங்கம்மா. வெந்நீர்ல அலசி ரெண்டாக் கிழிச்சுக் குடுத்துட்டேன். எங்கண்ணன் ஆசையா வச்சிருந்த துணி, அவருக்கே ஆகட்டும்னு."

டிரேசிங் துணி என்பது கஞ்சி ஏற்றிய மெல்லிய நூல் துணி. வெந்நீர் பட்டால் கஞ்சி கரையும், கஞ்சியோடு மையும் போய்விடும். சர்வே ஆபீஸ்காரர்கள் வீடுகளில் வீணான படங்களை அவித்துக் கைக்குட்டை தைப்பார்கள், பச்சைப் பிள்ளைக்குச் சட்டை தைப்பார்கள். ஆரிஃபாவின் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையே போன பெருநாளுக்குக் கமருன்னிசா தைத்துக் கொடுத்ததுதான்.

"அது நல்ல படம் மாமி," என்றாள் கமருன்னிசா.

ஆரிஃபாவின் கையிலிருந்த விறகு அப்படியே நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மணி பத்தரை. அளவுப் புத்தகம் அத்தாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. துணிதான் வேறு இல்லை. சாச்சா வாங்கி வந்த கபன் துணியைச் சுற்றியிருந்த தடித்த காக்கித் தாளை நீவி, நாலு மூலையிலும் அரிக்கன் விளக்கு, செம்பு, அம்மிக் குழவி, அத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கைக்குக் கிடைத்ததை வைத்து அமர்த்தினாள். மைக்கூட்டைத் திறந்தாள்.

கூடத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு வஹீதா கதவோரம் வந்து, "யாசீன் ஓதுறாங்க, வந்து உக்காரேன்டி," என்றாள்.

"வரேன்."

"என்னடி பண்ற?"

"கணக்குப் பாக்குறேன்."

"பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு," என்று வஹீதா திரும்பிப் போய்ச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. புத்தி எப்போதையும்விடத் தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. காக்கித் தாள் மையைக் குடித்தது. ஒன்றாம் கல்லை இரண்டு தடவை சுரண்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அத்தா எழுதுகிற ஏழு, ஒன்றைப் போல இருக்கும். ஒவ்வொரு எண்ணையும் பக்கத்து அளவோடு கூட்டிச் சரிபார்த்தாள். உயிரோடு இருந்தால் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் இருந்தார்.

மூன்றாம் கல்லுக்கு அவள் வந்தபோது கூடத்திலிருந்து ஆரிஃபாவின் குரல் வந்தது.

"கமரு, முகம் பாக்கிறவங்க வரலாமாம். வாம்மா."

பேனா நுனியில் மை நிறைந்திருந்தது. வளைவு தொடங்கியாயிற்று. வளைவை நடுவில் நிறுத்தினால் காக்கித் தாளில் மை ஊறிப் பொட்டாகிவிடும். அந்த இடத்தில் பொட்டு விழுந்தால் சுனை உள்ளேயா வெளியேயா என்று யாராலும் சொல்ல முடியாது.

"இதோ," என்றாள்.

"கமரு."

"இதோ மாமி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுனையைச் சுற்றிக் கோட்டைக் கொண்டுவந்து நான்காம் கல்லில் சேர்த்தாள். பேனாவை வைத்துவிட்டு ஓடினாள். தலைமாட்டில் கபனின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கட்டிட்டாங்களேம்மா," என்றாள் ஆரிஃபா. "அவுக்கச் சொல்லட்டா?"

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆட்கள் மையத்தைத் தூக்கிப்போகிற சந்தூக்கை இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். கமருன்னிசா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

உள்ளே போய் ஐந்தாம் கல்லையும் போட்டு முடித்தாள். ஊதி ஊதிக் காயவைத்துச் சுருட்டி, கதவிடுக்கில் நீட்டினாள். ஜெகபர் சாதிக் அதை வாங்கி நெஞ்சோடு சட்டைக்குள் செருகிக்கொண்டு, சந்தூக்கின் முன்காலுக்குத் தோள் கொடுத்தார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார். கமருன்னிசா முற்றத்தில் கை கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். நகக்கண்ணில் மண் இருந்தது.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அந்தக் கிளார்க்கு தாளத் தடவிப் பாத்தான், மை விரல்ல ஒட்டிக்கிச்சு. எப்பப் போட்ட படம்னு கேட்டான். காலைலன்னேன். போட்டவர் எங்கன்னான். இப்பத்தான் அடக்கிட்டு வரேன்னேன். அவன் என்னையப் பாக்கறான், நான் அவனப் பாக்கறேன்."

"மனுவுக்கு நம்பர் போட்டாங்களா?"

ஜெகபர் சாதிக் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் அதிகநேரம் துடைத்தார்.

"அளவெல்லாம் பாத்தான்மா. சுத்தமா இருக்குன்னான். நல்ல மனுசன்தான். ஆனா கீழ வலது மூலையில கையெழுத்துக்குக் கோடு போட்டு வெறுமன விட்ருக்கு. போட்டவர் கையெழுத்து இல்லாம பதிவுல ஏத்த முடியாதாம். நான் போடவான்னேன். நீங்களா வரைஞ்சீங்கன்னான். கபர்ஸ்தான்லேர்ந்து நேராப் போயிருக்கேன், பொய் சொல்ல வாய் வரல." துண்டைத் தோளில் போட்டார். "உன் பேர அதுல எழுதியிருக்கலாமேம்மா."

எத்தனையோ படங்களுக்கு அவள் வண்ணம் தீட்டியிருக்கிறாள், எழுத்துப் போட்டிருக்கிறாள். வலது மூலையை மட்டும் அத்தாவுக்கு விட்டுவிடுவாள். இன்றைக்கும் கை அப்படியே விட்டிருக்கிறது. அங்கே தன் பேர் வரலாம் என்று அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"இப்ப எழுதிக் குடுத்தா?"

"மணி ஆறாகப் போகுது. ஜன்னலச் சாத்திட்டான். வச்சிட்டுப் போங்க, பாப்போம்னான்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம்தான்."

மையத்து வீட்டில் உலை வைக்கக் கூடாது என்று வஹீதா வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்திருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவளை எல்லோருமாக இழுத்து உட்காரவைத்தார்கள். ஆரிஃபா தட்டை வைத்துவிட்டு, "கையக் கழுவும்மா," என்றாள்.

கமருன்னிசா கழுவினாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மூன்று விரல்களும் கருப்பாகவே இருந்தன.

"போகல மாமி."

ஆரிஃபா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். கமருன்னிசா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பானையில் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவரும் பட்டினியோடு படுக்காமல் இருக்கட்டும்.