வாசலை மறித்த ஓலைக்குடை

பாலக்காட்டுக் காலேஜுக்குள் ராமாத்தாள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஐந்து ஏக்கர் நிலத்தைப் பதினோரு வருடமாக ஒற்றை ஆளாய்ப் பார்த்து வருகிறவள். புருஷன் போன மறுமாதமே வெள்ளைச் சேலையோடு வயலில் இறங்கியவள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது. அப்பேர்ப்பட்டவளுக்கு அந்தக் கட்டடத்தின் தூண்களைப் பார்த்ததும் வாய் அடைத்துப் போனது. இரண்டு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத தூண்கள். இதற்குள்ளேயா நம்ம பையன் கருப்புசாமி தினமும் போய் வருகிறான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அவள் வந்தது சிலிர்க்க அல்ல. ஆடி மாதம் ஊருக்கு வந்த மகன், சித்தூர்ப் புழையில் வெள்ளம் பொங்கிப் பாதை முறிந்ததால் பன்னிரண்டு நாள் திரும்ப முடியாமல் கிடந்தான். காலேஜில் ஆஜர் கணக்கு நாலு நாள் குறைந்தது. நாலே நாள். புதுச் சட்டப்படி அவன் பரீட்சை எழுத முடியாது. சட்டம் போட்ட புண்ணியவான்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்கள் புழையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். இந்த வருடம் தேறாவிட்டால் ஏர் பிடிக்கத் திரும்பி வந்துவிடு என்று ராமாத்தாள் மகனிடம் முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள்.

அந்தச் சட்டம் போட்ட கமிட்டிதான் இன்று காலேஜுக்கு வந்திருந்தது. இதுவரை இல்லாத வழக்கமாக, மாணவர்களில் ஒருவன் பத்து நிமிஷம் பேசலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். பையன்கள் எல்லோருமாகச் சேர்ந்து கருப்புசாமியைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் நாலு நாளைக் கேட்டு வாங்கிவிடுவான் என்ற நம்பிக்கையில் ராமாத்தாள் விடியுமுன்னே வண்டி கட்டிக் கிளம்பி வந்திருந்தாள்.

ராமாத்தாள் கூடத்தின் வாசலோரம் நின்றாள். உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் ஏழு பேர். நடுவில் தலைவராக ஒரு வெள்ளைக்காரத் துரை. கருப்புசாமி எழுந்து இங்கிலீஷில் பேசினான். ராமாத்தாளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, அவன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் கீழே விழுவதற்குள் பிடித்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தான். பெற்ற பிள்ளை பேசுகிறான், சர்க்கார் எழுதிக்கொள்கிறது. ராமாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற கல்பாத்தி அனந்தநாராயண வாத்தியார், அவனுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர், குனிந்து சொன்னார்: "உன் பிள்ளை தனக்குன்னு ஒண்ணுமே கேக்கலையே அம்மா."

"பின்னே என்னதானுங்க கேக்கறான்?"

"சட்டம் போடற சபையிலே படிக்கற பசங்கள்லேயும் ரெண்டு பேரை உக்கார வைக்கணுமாம். அவா அபிப்பிராயத்தைக் கேட்டுட்டுத்தான் எதையும் தீர்மானிக்கணுமாம்."

ராமாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாளைக் கேட்கச் சொன்னால் நாற்காலி கேட்கிறானே, கிறுக்கன். ஆனால் அந்தக் கோபம் நெடுநேரம் நிற்கவில்லை. வாய்க்கால் தண்ணீரைப் பங்கு போடும்போது கடைசி வயல்காரியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் எத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். இவன் கேட்பதும் அதுதானே.

துரை சிரித்தார், நன்றி சொன்னார், காகிதக் கட்டை மூடினார். ஏழு பேரும் எழுந்தார்கள்.

"என்ன பதில் சொன்னாங்க?"

"யோசிப்பாளாம்," என்றார் வாத்தியார்.

அவள் ஊரில் அது பதிலே அல்ல. தண்ணீர்க் கூட்டத்தில் வழக்கு உள்ளவன் தன் மண்வெட்டியைப் பாதையின் குறுக்கே வைப்பான். பதில் கிடைக்கும் வரை பெரியவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போகக்கூடாது. வழக்குக்காரன் சரி என்று சொன்ன பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் இதுதான் முறை என்று ராமாத்தாள் நம்பியிருந்தாள். மண்வெட்டி கொண்டுவரவில்லை. கையிலிருந்த ஓலைக்குடையை வாசலில் குறுக்கே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

கருப்புசாமியின் முகம் வெளிறியது. "குடையை எடுத்துக்கோ அம்மா, துரை போகணும்," என்று பதறினார் வாத்தியார். சேவகன் ஒருவன் ஓடிவந்தான். துரை கையைக் காட்டி அவனை நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். வாத்தியார் அவளிடம் கேட்டு, அவள் ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். துரை குனிந்து, குடையைத் தாண்டாமல், அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் சொன்னதை வாத்தியார் முகம் மலர்ந்து தமிழில் சொன்னார்: "உன் பிள்ளைக்குக் குறையற நாலு நாளைத் தள்ளிக் குடுத்துடறாராம். பரீட்சை எழுதலாம். எடுத்துக்கோ."

அதற்காகத்தான் அவள் வந்தாள். கை குடையை நோக்கிப் போனது. போன கை பாதியில் நின்றது.

"அது அவன் கேட்டதுக்குப் பதில் இல்லீங்களே," என்றாள்.

துரை திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற ஆறு பேருக்கும் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. ஏதேதோ பேசினார்கள், ஒருவர் மேஜையைத் தட்டினார், இன்னொருவர் தலையை ஆட்டினார். கடைசியில் துரை சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினான். அடுத்த கூட்டத்திலிருந்து மாணவர்கள் இரண்டு பேர் சபையில் உட்காரலாம். அவர்களைக் கேட்காமல் புதுச் சட்டம் கிடையாது. ஆனால் பொதுக்காரியம் பேச வந்தவனுக்குத் தனிச்சலுகை கொடுத்தால் நன்றாயிராது, நாலு நாள் நாலு நாள்தான், இந்த வருடம் அவனுக்குப் பரீட்சை கிடையாது என்று ஒருவர் பிடிவாதமாகச் சொல்ல, அதுவும் எழுதப்பட்டது.

எழுதியதையெல்லாம் வாத்தியார் அவளுக்குத் தமிழில் சொன்னார். இனிப் போகலாமா என்று துரை அவர் மூலம் அவளைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா எப்படிங்க? வழக்கு அவனுது. அவன் செரின்னாத்தான் நான் எடுப்பேன்."

வாத்தியார் அதைச் சொன்னதும் ஏழு பெரிய மனிதர்களும் திரும்பிக் கருப்புசாமியின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் வாய் திறக்கும்வரை யாரும் அசையவில்லை. தான் பெற்ற பத்தொன்பது வயதுப் பையன் சொல்லும் ஒரு சொல்லுக்காகச் சர்க்கார் காத்திருப்பதை ராமாத்தாள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கோயிலில் நிற்பதுபோலத் தன்னையறியாமல் கைகூப்பினாள்.

குமாஸ்தா எழுதியதை அவன் ஒருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, "செரிங்கம்மா," என்றான்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு வழிவிட்டாள்.

வண்டி கல்பாத்தியைத் தாண்டியது. "நாளைக்கே ஏர் புடிக்க வந்தர்றனுங்கம்மா," என்றான் கருப்புசாமி மெல்ல.

"ஏருக்கு ஆளு வெச்சுக்கறேன். நீ இன்னொரு வருசம் படி," என்றாள் ராமாத்தாள். "நாக்காலி போடறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல, அதுல உக்கார ஆளு வேண்டாமா?"